பெயர் என்னுடையது, முகம் ராய்ஸுடையது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தீயணைப்புப் படையின் இந்தக் கூடத்தையும் திறந்துவிட்ட படைத் தலைவர் கிளிஃப் ஒராவெட்ஸ் அவர்களே, காலையில் அடக்கத்தை நடத்திக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் ஃபாதர் ஸிலாகி அவர்களே, வெண்டெலின் மனைவி லோரெயின் ஸ்டூப்கா அம்மையார் அவர்களே, நாற்காலி கிடைத்து உட்கார்ந்திருக்கும் கார்வர்ஸ் ஃபெர்ரி மக்களே, கிடைக்காமல் காபிப் பாத்திரத்தின் பக்கம் நின்றுகொண்டிருப்பவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். டுவேன் லாஸ்கோ. குளிர்காலத்தில் தெருவில் கிடக்கிற பனியையெல்லாம் உங்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டியை ஓட்டியவன். நீங்கள் திட்டியதெல்லாம் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால், ஒரே ஒரு கோடையில், பெரிய லீகில் பேஸ்பால் பந்து வீசியவனும் நான்தான். அப்படி ஒரு கோடை எனக்கு இருந்தது என்பதை ஊர் மறந்த பிறகும் மறக்காமல் இருந்த மனிதர், ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை வாங்கி விற்ற வியாபாரி வெண்டெல் ஸ்டூப்கா. அதனால்தான் பேச வந்திருக்கிறேன்.

அவர் கடையைப் பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். முடிவெட்டும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான இடம். முன்னால் ஒரு கண்ணாடி மேசை. பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகள் அதற்குள் இருக்கும். பின்னால் சுவர் முழுக்க நீளநீளமான பெட்டிகள். அந்தப் பெட்டிகளில் இருந்தவர்கள் யார்? ஒரு பருவம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். ஆட வாய்ப்புக் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தே முடி நரைத்தவர்கள். இந்தத் தொழிலில் அந்த அட்டைகளுக்கு ஒரு பெயர் உண்டு. சாதா. வெண்டெல் கடையில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொன்னால் தண்டனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவி, அதன் பின்பக்கம் அச்சிட்டிருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். கோட்டு சூட்டு, கையில் தோல்பெட்டி. சுவரைப் பார்த்தார்.

"என்ன வெண்டெல், இந்த சாதாவையெல்லாம் எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க சொல்றேன். பின்னாடி திருப்பிப் படிங்க. சத்தமா."

பக்கத்துக் கடையிலிருந்து முடிவெட்டும் ஜீனோ கத்தரிக்கோலோடு வந்து நின்றுவிட்டார். பாதி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்து நின்றார். வியாபாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். ஆட்டக்காரர் அயோவாவில் பிறந்தவர், இரண்டாம் பேஸில் நிற்பவர், குளிர்காலத்தில் சவப்பெட்டிக் கடையில் தச்சு வேலை பார்ப்பவர், மனைவியோடு சேர்ந்து முயல் வளர்ப்பவர்.

"இப்பச் சொல்லுங்க. இவரு சாதாவா?" என்றார் வெண்டெல்.

"இல்லதான். ஆனா விலை போகாதே."

"அது வேற பேச்சு" என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கி, விளிம்பை மட்டும் பிடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இனி என் அட்டைக்கு வருகிறேன். நான் ஆடிய கோடைக்கு அடுத்த வசந்தத்தில் அது வந்தது. என் அம்மா கடைக்குப் போய், சூயிங்கமும் அட்டையும் சேர்த்து விற்கிற பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். கீழே டுவேன் லாஸ்கோ என்று போட்டிருந்தது. பின்பக்கம் என் பிறந்த ஊர், என் உயரம், என் எடை எல்லாம் சரி. முன்பக்கம் இருந்தவன் நான் இல்லை. யாரோ ஒருவன். கையுறையை வலது கையில் மாட்டியிருந்தான். அதாவது இடது கையால் வீசுகிறவன். நான் வலது கைக்காரன்.

ஊர் சும்மா இருக்குமா? "டுவேன், கார்டுல ஆள் நல்லாத்தான் இருக்கே. நேர்லதான் என்னமோ ஆயிடுச்சு" என்று ஜீனோ ஒவ்வொரு முடிவெட்டுக்கும் ஒரு முறை சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

தப்பாக அச்சடித்த அட்டை என்றால் மதிப்புக் கூடுமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அச்சடித்தவர்கள் பிறகு அதைத் திருத்தி வெளியிட்டால்தான் கூடும். என்னுடையதை யாரும் திருத்தவில்லை. அடுத்த வருடம் என் தோள் போய்விட்டது, நான் அணியிலேயே இல்லை. இல்லாதவனுக்கு யார் திருத்துவார்கள்? ஆகவே அது என்ன வகை அட்டையாக ஆயிற்று என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த மேடையில் என்னை வாசிக்க வைத்துவிடுவீர்கள்.

சிரித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என் மகள் ட்ரூடி ஒருநாள் அந்த அட்டையைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

"அப்பா, இது நீங்க இல்லையாம். நான் பொய் சொல்றேனாம்."

அன்றைக்கு எனக்கு வலித்தது. நான் ஆடியதற்கு அச்சில் இருந்த ஒரே சாட்சி அந்த அட்டை, அதுவும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. நேரே வெண்டெலிடம் போனேன்.

"வெண்டெல், எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணிக் கொடு. என் போட்டோ இருக்கு. உனக்கு அச்சகத்துல ஆள் தெரியும். பிள்ளைகிட்ட காட்டத்தான்."

"மாட்டேன்."

"எனக்காகக்கூடவா?"

"உனக்காகத்தான் மாட்டேங்கிறேன். நாளைக்கு எவனாவது இந்தக் கார்டு போலின்னு கண்டுபிடிச்சா, நீ ஆடுனதும் போலின்னு ஆயிடும்."

கதவை அறைந்துவிட்டு வந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கடைப் பக்கம் போகவில்லை. பனி உருகியபோது அவரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"டுவேன், உன் மூஞ்சி எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். இந்த மூஞ்சி யாருதுன்னு நீ ஒருநாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து அந்த அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எந்த ஊரில் அட்டைக் கண்காட்சி நடந்தாலும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை நீட்டி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார். "சட்டையைத் துவைக்கிறதுக்கு முன்னாடி பையிலேர்ந்து உங்களை வெளியே எடுத்து வைக்கணும்" என்று லோரெயின் என்னிடம் குறைபட்டுக்கொள்வார். வருடங்கள் போயின. ட்ரூடி வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். அவர் விடவில்லை. கடைசியில் ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி, "இவரா? எங்க ஊர்ல ஸ்கூல் பஸ் ரிப்பேர் பண்றவராச்சே" என்றார்.

இதே கூடத்தில், அதோ அந்தக் கதவு வழியாகத்தான், ராய்ஸ் டில்லார்ட் உள்ளே வந்தார். வெண்டெல் கூப்பிட்டு வந்தவர். நல்ல உயரம். கை குலுக்க இடது கையை நீட்டிவிட்டு, பிறகு மாற்றிக்கொண்டார். பருவத்துக்கு முந்திய பயிற்சி முகாமோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கூட்டமான அந்த முகாமில் நான் அவரைக் கவனித்ததே இல்லை, ஆனால் அங்கே எடுத்த படங்களில்தான் அவர் முகம் என் பெயருக்கு மாறிப்போயிருந்தது.

"எனக்குன்னு வந்த கார்டு இது ஒண்ணுதான். அதுலயும் பேரு உங்களுது" என்றார்.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"எங்கம்மா இதைப் பர்ஸ்லயே வெச்சிருந்தாங்க. யார்கிட்ட காட்டினாலும் உங்க பேர் மேல கட்டைவிரலை வெச்சு மறைச்சுக்குவாங்க. 'பாரு, எம் பையன்'னு."

என் அம்மாவும் அதைத்தான் செய்தாள், ஆனால் மாற்றி. அவளோ அட்டையில் இருந்த முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பெயரைக் காட்டுவாள். அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடுமுறைக்கு வந்திருந்த ட்ரூடி பக்கத்தில் நின்றாள். ராய்ஸ் அவளைப் பார்த்து, "அன்னிக்கு நீ பொய் சொல்லலம்மா. அந்த முகாம்ல உங்கப்பா வீசினதை நான் பார்த்திருக்கேன். அவரு அப்படி வீசினதாலதான் என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக வெண்டெல் எத்தனை ஊர் சுற்றினார்! வெண்டெல் பேனாவை நீட்டினார். முகத்தின் மேல் ராய்ஸ் கையெழுத்துப் போட்டார், பெயரின் கீழ் நான் போட்டேன். இனி அதைக் கண்ணாடி மேசைக்குள் வைப்பார் என்று நினைத்தேன். கடைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் சொருகினார்.

"ஏன் வெண்டெல்?"

"உங்க ஆளுங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க."

நண்பர்களே, அந்தக் கண்ணாடி மேசையில் இருந்தவற்றைப் போன வாரம் நகரத்து வியாபாரி ஒருவர் வாங்கிப் போனார். பெட்டிகளைத் தொடவில்லை. குப்பை வண்டியில் போட்டுவிடச் சொன்னார். அவை குப்பை வண்டிக்குப் போகாது. கிளிஃப் இந்தக் கூடத்தின் பின்னறையைத் தந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் காலையில், தீயணைப்புப் படை இங்கே நடத்தும் அப்பக் கடை முடிந்து மேசைகளைத் துடைத்ததும், நான் அந்தப் பெட்டிகளோடு உட்காருவேன். எனக்குப் பிறகு ட்ரூடி உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் இங்கேயும் ஆகாது. தண்டனையும் அதேதான். இதை வெண்டெலின் பெயரால் உங்கள் முன் உறுதியாகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. வாசலில் உங்கள் எல்லோருக்கும் ஒரு நினைவு அட்டை கொடுத்திருப்பார்கள். முன்பக்கம் வெண்டெலின் படம். கீழே பெயரைப் பாருங்கள். 'வெண்டெல் ஸ்டூகா' என்று இருக்கிறது. அச்சில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். நேற்று லோரெயின் என்னைக் கூப்பிட்டார்.

"திருத்தி அடிச்சுத் தரேங்கிறாங்க, டுவேன். இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவர் கார்டையா தூக்கிப் போடுறதுன்னு கேட்டேன்" என்றார். வெண்டெல் இறந்த பிறகு லோரெயின் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ஆகவே அந்த அட்டை அப்படியே உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து எல்லோரும் அதை வெளியே எடுங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள், அவர் பார்த்தால் திட்டுவார். அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை வையுங்கள். இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, இவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள். சத்தமாக.