அறுபத்தெட்டு கிலோ

நாயைத் தனியாக எடைபோடுவது சிரமம். ஓரிடத்தில் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு நாம் மெஷினில் ஏறி, வருகிற எண்ணிலிருந்து நம் எடையைக் கழித்தால் மிச்சம் நாய். இதில் தப்பு நடக்க வழியே இல்லை, ஐயா.

என் எடை அறுபத்தெட்டு. காலை நடைச் சங்கத்தின் தலைவர் நான். பூங்காவில் மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும்போது, உடம்பை ஆளத் தெரியாதவன் வீட்டை ஆள முடியாது என்று பேசுவேன். கைதட்டுவார்கள். அப்படிப்பட்டவன் தன் எடையைத் தெரிந்துகொள்ள மெஷினில் ஏற வேண்டியதில்லை.

எங்கள் நாய்க்குக் காதெல்லாம் உண்ணி. மருந்து வாங்க அதன் எடை தெரிய வேண்டும். தூக்கிக்கொண்டு ஏறினேன். தொண்ணூற்றிரண்டு. ஆக, நாய் இருபத்துநாலு கிலோ.

"இருபத்துநாலா? ஒத்தக் கையில தூக்குறேன் நான். மாவுப் பை கனம்தாங்க இருக்கு," என்றாள் மனைவி. "நாய இறக்கிட்டு நீங்க மட்டும் ஒரு தடவ ஏறுங்களேன்."

பார்க்கச் சிறிதானாலும் கனமான நாய் என்று பொறுமையாக விளக்கினேன்.

கால்நடை மருந்துக்கடை வைத்திருப்பவன் அவள் தம்பி. "இருபத்துநாலு கிலோவா? புதுசா பெரிய நாய் வாங்கிட்டீங்களா மாமா?" என்றான். தேவையற்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. "எடைக்குத் தக்கதான் குடுக்கணும். கூடிப்போச்சுன்னா வலிப்பு வந்துரும்," என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தான். கவனியுங்கள், கொடுத்தது அவன்.

மறுநாள் மாலை நாய் சமையலறைத் தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் மனைவியின் மடியெல்லாம் ரத்த நுரை. இருட்டுவதற்குள் அடங்கிவிட்டது. உண்ணிகளும் செத்திருந்ததை அவளுக்குச் சுட்டிக்காட்டினேன்.

நியாயம் கேட்கத்தான் கடைக்குப் போனேன். அங்கே என் சங்கத்து ஆட்கள் இருவர் நின்றது என் துரதிர்ஷ்டம்.

"அந்தக் குட்டி நாய்க்கா குடுத்தீங்க?" மைத்துனனுக்குக் கண் கலங்கிவிட்டது. "போன மாசம்தானே அக்கா இங்க தூக்கிட்டு வந்து நிறுத்துச்சு. ஆறு கிலோ. அப்ப மிச்சம் பதினெட்டு கிலோ யாரோடது மாமா?"

சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, அதை நான் மறைக்க விரும்பவில்லை. நாய்களை நிறுக்கிற இரும்பு மெஷினைக் காலால் என் முன்னே தள்ளினான்.

"ஏறுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

நான் ஏறவில்லை. அதைத் தூக்கினேன். முதல் அடிக்கு "மாமா" என்றான். இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. மண்டை உடைகிற சத்தம் நினைத்ததைவிடச் சிறியது. மெஷினின் முள் ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை அடித்தேன். சங்கத்து ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

மனைவி ஒரே முறை லாக்கப்புக்கு வந்தாள். "நீங்க மட்டும் ஒரு தடவ ஏறியிருந்தா என்னங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நாயும் தம்பியும் போன துக்கம். புத்தி நிதானத்தில் இல்லை.

நான்தான் கொன்றேன். அவனை மட்டும். நாயை இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருத்தமும் உண்டு. இன்று காலை உங்கள் டாக்டர் என்னை எடைபோட்டு எண்பத்தாறு என்று எழுதியிருக்கிறார். கைவிலங்கோடு எடைபோட்டால் அப்படித்தான் காட்டும். அதன் எடையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.