திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

— முறைப்பாட்ட வாபஸ் எடுக்கிறன் சேர். இனி வர வாணாம். போங்க.

— றம்லத் அக்கா, நான் சுற்றாடல் ஒபிஸ் சுஜந்தன். என்ர குரல் விளங்கேல்லையோ?

— வெளங்குது சேர். அதான் போகச் சொல்றன்.

— உங்கட புருசன் மவுத்தாகி நீங்கள் வெளிய போகாமல் இத்தா இருக்கிறியள். அது முடியுமட்டும் கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை எண்டு போன கிழமையே சொன்னனான். இந்தத் திரைக்கு வெளிய நிண்டுதானே கதைக்கிறன். பிறகேன் குரல் நடுங்குது? ஆரும் வெருட்டினவையோ?

— இல்ல... ஒத்தரும் இல்ல. கெணத்துத் தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிச்சா சரி.

— என்னக்கா கதைக்கிறியள்? றப்பர் மணக்கிற தண்ணியை ஆர் குடிப்பினம்? பிள்ளை நுஹாவுக்கு உடம்பெல்லாம் புண் எண்டு அழுதது நீங்கள்தானே?

— நான்தான். அத மறந்திருங்க.

— எனக்கும் பயம்தான் அக்கா. நோட்டீஸ் குடுத்திட்டுத்தான் அந்த றப்பர் பெக்டரிக்குள்ள போகலாம். போற அண்டைக்கு ஓடை நல்லாத் தெளிஞ்சு ஓடும். கழிவைப் பவுஸர் லொறியில ஏத்திக்கொண்டு வந்து ஓடையில ஊத்திறவனைப் பிடிச்சால்தான் வழக்கு நிக்கும். அவன்ர முகத்தைக் கண்ட சாட்சி கிடைச்சிட்டுது.

— சொல்லாதீங்க சேர்! அல்லாவுக்காகச் சொல்லாதீங்க!

— உங்களுக்குத் தைரியம் வரட்டுமெண்டுதான் சொல்லுறன். ஒபிஸில வாய் திறந்தா உடன கம்பனிக்குப் போயிடும். இத்தா இருக்கிற அறைக்குள்ள ஆம்பிளையள் வரமாட்டினம். இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்கில்லை.

— நீங்க வெளங்காமப் பேசுறீங்க. எனக்குத் தல சுத்துது. போங்க சேர், போங்க.

— கண்டது பெக்டரியில காவல் நிக்கிற வோச்சர் மோகனராஜ். அவற்ற வீட்டுக்கு ஆரோ கல்லெறிஞ்சதால கலஹாவில, மாமியாற்ற தோட்டத்து லயத்தில ஒளிஞ்சிருக்கிறார். நாளைக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.

— யா அல்லாஹ்...

— அக்கா? ஏன் அழுறியள்? உள்ள என்ன சத்தம்? ஆரோ கதவு திறக்கினம்.

— வெளி ஆம்பிளதான் சேர் இத்தா ரூமுக்குள்ள வர ஏலா. கூடப்பொறந்த நானா வரலாம். பவுஸர் ஓட்டுறது அவர்தான். இவ்வளவு நேரமும் எண்ட தோள்ல கைய வெச்சிக்கிட்டு நின்டார். இப்பப் பின்கதவால கலஹாவுக்குப் போறார்.