ஹாங்காங் செய்தியில் மல்சுன்

— மல்சுன், கேக்குதா? உலக வர்த்தக மாநாட்டுக்கு எதிரா ஹாங்காங் தெருவுல விழுந்து கும்பிடுறியாம், டிவில காட்டுறான். உன் முட்டிக்கு இது தேவையா?

— தேவைதாங்க. மூணு அடி நடக்கணும், நெத்தி தரையில படக் கும்பிடணும். காலையிலேருந்து எல்லாரும் இதேதான்.

— முந்தாநாள் கடல்ல குதிச்சீங்களே, ஊரே சிரிச்சுது. "கொரிய விவசாயிகளின் நீச்சல்"னு ஒருத்தன் செய்தி வாசிக்கிறான். அரிசின்னு ஒரு வார்த்தை வரல.

— மண்டபத்துப் பக்கமே விடல, குதிச்சோம். வேற என்ன பண்றது? இங்க நிருபருங்க எல்லாம் ஹெல்மெட்டோட நிக்கிறாங்க. நாங்க அடிப்போம்னு நம்பி வந்த மூஞ்சிங்க, பாவம்.

— அப்புறம்?

— இன்னிக்குக் கும்பிட ஆரம்பிச்சதும் ஒரு பொண்ணு ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பக்கத்துல குந்திட்டா. "எதுக்கும்மா இது?"ன்னா. நம்ம ஆளு ஒருத்தர்தான் மொழிபெயர்த்தாரு. வந்ததுலேருந்து யாரும் கேக்காத கேள்வி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— பாத்தேன். மூக்கைச் சிந்துனதையும் நம்ம டிவில போட்டான்.

— அய்யய்யோ! பேசுனதைப் போட்டானா இல்லையா?

— முழுசாப் போட்டான். வெளிநாட்டு அரிசி வந்து குவிஞ்சா நம்ம நெல்லை யாரு வாங்குவான்னு கேட்ட. "வாய்க்காலோரத்து வயலை என் வீட்டுக்காரரு உயிரே போனாலும் விக்கமாட்டாரு"ன்னும் என்னைப் பத்திச் சொன்ன.

— தப்பா? நான் திரும்புற வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த வயலை வாங்கித் தக்காளிக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போடணும்னு நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு அலையிறாரே, மறுபடி வந்தாரா?

— சாப்பிட்டியா?

— தெருவுல போறவங்க ஆரஞ்சு குடுத்தாங்க, தின்னேன். பேச்சை மாத்தாதீங்க.

— வந்தாரு.

— என்னங்க...

— திட்டாத. கடல்ல குதிச்ச செய்தியைப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே விட்டுப்போச்சு. இனி நம்மளை எவன் மதிப்பான்? இன்னிக்கு அவரு பத்திரத்தோட வந்தாரு. பேனாவையும் குடுத்தாரு.

— போட்டுட்டீங்களா?

— மூடியைத் தொறந்துட்டேன். அப்பதான் நீ டிவில வந்த. அந்த மனுஷன் கண்ணெடுக்காம கடைசிவரைக்கும் பாத்தாரு. அப்புறம் என் கையிலேருந்து பேனாவைப் பிடுங்கிச் சட்டைப்பையில சொருகிக்கிட்டு, "அண்ணி சொன்னது பொய்யாயிடக்கூடாது"ன்னு எழுந்து போயிட்டாரு.