துருவுக்கு நிதி இல்லை

உங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது, மேடம். எங்கள் அலுவலகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மேரிலாந்தின் அந்தப் பக்கத்தில் இடத்துக்கு என்ன குறை? மாலையில் கிளம்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். ஹாரன் அடித்தாலும் நகராது. அவையாக நகரும்வரை காத்திருந்துதான் வீட்டுக்குப் போவேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். எரிசக்தி சம்பந்தமான அடிப்படை ஆராய்ச்சிகளுக்கு அரசாங்கம் பணம் தருகிறது. விஞ்ஞானிகள் விண்ணப்பிப்பார்கள். நான் அதைப் படித்துவிட்டு, துறை தெரிந்த மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்பேன். அந்த மூவர் யார் என்று விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. அவர்கள் எழுதியதை வைத்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பரிந்துரை செய்வேன். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பணம் அவ்வளவுதான். ஒருவருக்கு இல்லை என்று சொல்வதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெண்டல் ஹ்ரூஸ்காவும் நானும் விஸ்கான்சினில் ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தோம். நான் கவனமானவன், அவன் கெட்டிக்காரன். இந்த வித்தியாசம் அங்கே எல்லோருக்கும் தெரியும். படிப்பு முடிந்து நான் அரசு வேலைக்கு வந்துவிட்டேன். அவன் ஓஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தான். பல வருடம் பேச்சே இல்லை. ஒருநாள் அவனுடைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. பழகியவர் என்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் ஒதுங்கவில்லை. இத்தனை வருடம் பேசாமலிருந்ததை நட்பு என்று சொல்வார்களா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவன் எழுதியிருந்தது இரும்பில் பிடிக்கிற துருவைப் பற்றி. துருவின் மேல் வெயில் பட்டால் அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் கொடுக்கும். ஆனால் சொட்டுச் சொட்டாக. வெயில் கிளப்பிவிடுகிற மின்னூட்டம் துருவுக்குள்ளேயே எங்கோ தொலைந்துபோகிறது. எங்கே, ஏன்? அதுதான் அவன் கேள்வி. முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் விடைக்கு மிக அருகில் இருக்கிறான் என்று.

துருவில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நம்புகிற மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன். நேர்மையானவர்கள். மனதில் பட்டதை எழுதினார்கள். எதிராக நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நிதி இல்லை என்ற கடிதம் கிடைத்ததும் அவன் போன் செய்தான்.

"டேய் கில், எவன்டா அந்த மடையன்? துருவுல என்ன இருக்குன்னு கேட்டிருக்கான். வாழ்க்கையில ஒரு பழைய காரைக்கூடப் பாத்ததில்ல போலிருக்கு."

"விடுடா. விண்ணப்பம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமா."

அதில் பொய் இல்லை, மேடம். விண்ணப்பம் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வாரம் தவறாமல் கூப்பிட ஆரம்பித்தான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவான். அவன் மனைவி லோர்னா ஆப்பிள் பை பலகாரம் செய்து கொடுத்தனுப்புவாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் விண்ணப்பத்தைத் திருத்துவோம். நான் சொல்லச் சொல்ல அவன் குறித்துக்கொள்வான். அந்த வெண்டல், நான் சொல்வதைக் குறித்துக்கொள்வான். என் மனைவி என்னைவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் அழைப்புமணி அடித்தது அவன் வந்தபோது மட்டும்தான். நிதி கிடைத்தவர்கள் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. நன்றி என்று ஒரு வரி அனுப்புவார்கள், அத்தோடு சரி.

இப்படி எட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் மூன்று பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்.

நிதி இல்லாதவருக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்று கல்லூரி கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். போன நவம்பரில் வெண்டல் கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் வீட்டு கேரேஜுக்கே கொண்டுவந்துட்டேன்டா. உலையும் வெச்சாச்சு, ஹைட்ரஜன் சிலிண்டரும் வந்தாச்சு. லோர்னா வாயைத் தொறந்தா திட்டுதான்."

துருவை ஹைட்ரஜனில் சூடாக்கிப் பதப்படுத்தினால் அது நன்றாக வேலை செய்யும். அதற்குத்தான் சிலிண்டர்.

"வெந்நீர் பாய்லர் அங்கதானடா இருக்கு? கேஸ்ல எரியறது?" என்று கேட்டேன்.

"ஆமா. கதவைத் தொறந்து வெச்சுப்பேன்."

"ஜனவரியிலயுமா?"

சிரித்தான். பிறகு குரல் மாறியது. "நிறுத்திடட்டுமா கில்? பணம் வந்தப்புறம் ஒழுங்கான எடத்துல செஞ்சுக்கலாமா? நீ சொல்லு, அப்படியே செய்யறேன்."

நானும் வேதியியல் படித்தவன். கதவடைத்த இடத்தில் ஹைட்ரஜன் கசிந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"ஆரம்பகட்ட முடிவுகள் கொஞ்சம் இருந்தா இந்தத் தடவை வலுவா இருக்கும்டா."

எல்லோருக்கும் நான் சொல்கிற ஆலோசனைதான் அது.

அந்தத் தடவை மதிப்பீட்டாளர் ஒருவர் உடம்பு சரியில்லை என்று விலகிவிட்டார். நான் விடுப்பில் இருந்ததால் என் உதவியாளர் ஓரிகனில் இருக்கும் பேராசிரியர் அடேல் ஃபோர்டியருக்கு அனுப்பிவிட்டார். பல வருடங்களில் தான் படித்த மிகச் சிறந்த விண்ணப்பம் இது என்று அந்த அம்மா எழுதினார். மற்ற இருவரும்கூட மனம் மாறியிருந்தார்கள். அவன் கேரேஜில் எடுத்த முடிவுகள் அப்படி. மூவருமே கொடுங்கள் என்றார்கள்.

வேண்டாம் என்று பரிந்துரைத்தேன். வெண்டலுக்கு நானே போன் செய்தேன்.

"மூணு பேருமே ஒத்துக்கலடா."

"மூணு பேருமா?"

"முடிவுகள் போதலையாம். அவங்க எழுதினதை அப்புறமா அனுப்பறேன்."

"சரி. இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேன். இங்க செம பனிடா. கதவைத் தொறக்கவே முடியல" என்றான்.

"பாத்துடா" என்றேன். அந்த வாரமே கேரேஜ் வெடித்தது.

அவன் இறந்த செய்தியைப் படித்துவிட்டு ஃபோர்டியர் அம்மா எங்கள் இயக்குநரைக் கேட்டிருக்கிறார், நிதி போய்ச் சேர்வதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று. அதனால்தான் நான் இன்று விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அவன் அந்த கேரேஜில் சாவான் என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்.

அடக்கத்துக்கு ஓஹையோ போயிருந்தேன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாண்ட்விச் கொடுத்தார்கள். லோர்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. எரிகிற கேரேஜின் கதவை இழுத்துத் திறக்கப் பார்த்திருக்கிறாள்.

"கில், உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும். அவர் எழுதினது அத்தனையும் படிச்சவர் நீங்க. அதுல ஏதாவது இருந்துச்சா? இல்ல, இத்தனை வருஷமும் வெறும் துருவா?"

மூவருடைய மதிப்பீடுகளும் அப்போது என் வண்டியில்தான் இருந்தன. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல லோர்னா," என்றேன். "ஆனா ரொம்ப நல்ல மனுஷன்."

அவள் தலையாட்டிவிட்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது, மேடம். அந்தக் குடும்பத்திடம் அவ்வளவு அக்கறையாக நடந்துகொள்ள அன்று என்னைத் தவிர வேறு யாரும் அங்கே இருக்கவில்லை.