கட்டு அவிழ்க்கும் வெள்ளிக்கிழமை

— எந்திரிங்க மாமா, எந்திரிங்க! இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்க கண்ணுக்கட்ட அவுத்ததும் நேரா சிறுவாச்சூர்தான். வூட்டுக்குப் போற வழிதானே, கோயில் தொறந்திருக்கும்.

— மொதல்ல அவுக்கட்டும் செங்கமலம். கண்ணு தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் சாமியப் பாக்கலாம்.

— தெரியும், தெரியும்! எனக்கு ஒடம்பே சிலுக்குது. மதுரகாளிக்கு அங்கியே மாவு இடிச்சு மாவிளக்குப் போடுறேன். பக்கத்துக் கட்டிலு முத்தாயி அக்கா வெல்லங்கூட குடுத்துட்டாங்க.

— மழையில வெங்காயம் அம்புட்டும் அழுகுச்சே, அப்ப எங்க போனா உன் காளி? எனக்குக் கண்ணுல பூ விழுந்து, பின்னாலயே உனக்கும் விழுந்துச்சே, அப்ப எங்க போனா?

— அழுகுனதையே எத்தினி வருசம் பேசுவீங்க? ரெண்டு குருடும் பாடாலூர்லேந்து தடவிக்கிட்டே வந்தோமே, பஸ்ஸுல எந்திரிச்சு எடம் குடுத்தாங்கல்ல? பள்ளிக்கூடத்துல கட்டில் போட்டு, ஓசியா ஆப்ரேசன் பண்ணி, சோறும் போட்டாங்கல்ல?

— அது டாக்டர் செஞ்சது.

— டாக்டர பெரம்பலூருக்கு அனுப்புனது யாராம்?

— உங்கிட்ட பேசி மாளாது புள்ள.

— ராசாங்கம் ஐயா, நர்ஸ் வந்திருக்கேன். தலைய ஆட்டாதீங்க. கட்டு அவுத்தாச்சு. இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மெதுவா தொறங்க.

— நர்ஸம்மா, தொறக்கவே பயமா இருக்கு.

— கையக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன் மாமா. தொறங்க!

— ஏ... ஏ, செங்கமலம்! சன்னல் தெரியுது! வெளியில வேப்பமரம்! கெளையில காக்கா உக்காந்திருக்கு! நர்ஸம்மா, நீங்க இம்புட்டு சின்னப் பொண்ணா!

— தாயே, மதுரகாளி! நான் சொன்னேன்ல, சொன்னேன்ல! என்னப் பாருங்க மாமா, என்னப் பாருங்க!

— பாக்குறேன் புள்ள. தலையெல்லாம் பஞ்சா வெளுத்துப்போச்சே! சிரிச்சா மட்டும் அதே மொகம். நானும் வரேன் உன் காளிகிட்ட. உலக்கைய நான் புடிக்கிறேன், நீ வெல்லத்தப் போடு. ஆமா... உன் கட்டு எங்க? உனக்கு எப்ப அவுத்தாங்க? நர்ஸம்மா, நீங்க ஏன் அழுவுறீங்க?

— சொல்லக்கூடாதுன்னு உங்க வூட்டம்மாதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க ஐயா.

— எத சொல்லக்கூடாது? செங்கமலம், நான் இந்தப் பக்கம் இருக்கேன். நீ எங்க பாக்குற?

— நேத்தே அவுத்துட்டாங்க மாமா. எனக்கு இருட்டுதான், நரம்பு எப்பவோ செத்துப்போச்சாம். சத்தமில்லாம அழுது தீத்துட்டு, அவருக்காவது குடுத்துடு தாயின்னு கேட்டேன், குடுத்துட்டா பாருங்க!