இரவல் பாஸ்போர்ட்

இரவல் வாங்கிய பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. மண்வெட்டி வாங்கினால் மண்ணைக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பேன். செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ராசாங்கம் கை சுத்தம் என்று. இதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றது விளங்கும்.

அங்கமுத்து என் சித்தப்பா மகன். எங்கள் அப்பாமார் அண்ணன் தம்பி இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியதால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். எழுபத்து நாலில் மலேயா போக அவன் பாஸ்போர்ட் எடுத்தான். கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில், அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. "நான் போவலண்ணே, நீ போயிட்டு வா" என்று பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தான். படத்தைப் பார்த்தால் நானேதான். கிடைத்ததை வீணாக விடுவானேன் என்று கப்பல் ஏறினேன்.

மூன்று வருஷம் பினாங்கில் ஒரு மரக்கிடங்கில் அங்கமுத்துவாக வேலை பார்த்தேன். அந்தப் பேருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆண்டிமடத்து ஆள் பிச்சைமுத்து. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கு வந்த ஊர்க் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, "ஏன்டா ராசாங்கம், மொதலாளிகிட்ட உன் நெசப் பேரச் சொல்லட்டுமா?" என்று தினமும் சீண்டுவான். நான் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டிய நாள், மத்தியானம், சோறு பொங்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்து, "சொல்லிட்டேன்டா" என்றான். விறகுக் கட்டை கைக்கு எட்டியது. இரண்டு அடி. முதல் அடியிலேயே போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன், கொட்டகை பற்றிக்கொண்டால் நாலு பேருக்குக் கஷ்டம். அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, விளையாட்டுக்குச் சொன்னது என்று கப்பலில்தான் உறைத்தது.

நாகப்பட்டினத்தில் இறங்கி நேரே அங்கமுத்து வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். ஓரம்கூட மடங்கவில்லை. மகளின் ஜாதகத்தோடு தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

எழுபத்தொன்பதில் போலீஸ் வந்தது. மலேயா அரசாங்கம் ஆளைக் கேட்கிறது என்றார்கள். பேர், தகப்பன் பேர், ஊர், படம் எல்லாம் அங்கமுத்துவுடையது. பாஸ்போர்ட்டும் பெட்டியில் இருந்தது. முந்திரிக்கொட்டை உடைத்த கறைக் கையோடு எழுந்து வந்தவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மலேயா போனது யார் என்று ஊருக்குத் தெரியும். அன்றே நாட்டாமை அய்யாக்கண்ணு வாசலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். "பாஸ்போர்ட்ட இரவல் குடுத்ததே பெரிய குத்தம். யாராச்சும் வாயத் தொறந்தா அங்கமுத்துதான் மாட்டிக்குவான்" என்றேன். எங்கள் ஊர் நல்ல ஊர். ஆளைக் காட்டிக்கொடுக்காது. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவனையும் ஜெயிலில் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தான். "இங்க ஒண்ணும் பேசாத. அங்க கூட வேல பாத்தவனுங்க உன்னப் பாத்ததும் இவன் இல்லன்னு சொல்லிடுவானுங்க. மறு கப்பல்லயே அனுப்பி வச்சிருவாங்க" என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா சரிண்ணே" என்றான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் மனசு இருக்கிறது.

மெட்ராசில் மாஜிஸ்திரேட் விசாரித்தார். ஆளைக் கொலை செய்தானா என்று தீர்ப்புச் சொல்வது அந்த நாட்டுக் கோர்ட் வேலையாம். இங்கே பார்ப்பது காகிதம் சரியா, கேட்ட ஆள் இவன்தானா என்றுதான். சொந்தக்காரன் என்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இவர்தான் அங்கமுத்துவா?"

"ஆமாங்க, இவன்தான்."

"இது இவர் பாஸ்போர்ட்டா?"

"அவனோடதுதாங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது? சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவன் இல்லை நான்.

அங்கே போனதும் மரக்கிடங்கு ஆட்கள் எல்லோரும் அவனையே கைகாட்டிவிட்டார்கள். அவர்கள்மேலும் தப்பில்லை. எங்கள் குடும்பத்து முகம் அப்படி.

இந்தத் திங்கட்கிழமை பினாங்கு வக்கீலிடமிருந்து கொளஞ்சிக்குத் தமிழில் கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எப்போதும் நான்தான் படித்துச் சொல்வேன். அப்பீல் தள்ளுபடியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியலில் தூக்கு. தான் இந்த நாட்டுக்கே வந்ததில்லை, ராசாங்கம் அண்ணனைக் கேளுங்கள், அவர் சொல்லுவார் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். அந்த ராசாங்கம் ஒரு தந்தி கொடுத்தால் நிறுத்திவைக்கக் கேட்கலாம் என்று வக்கீல் எழுதியிருந்தார்.

அவளிடம் என்னவென்று படிக்க? "நல்லா இருக்கேன், வெள்ளிக்கெழம வழக்கு முடியப் போவுது" என்று படித்தேன்.

"வெள்ளிக்கெழமயோட முடிஞ்சிருமா மாமா?" என்றாள்.

"முடிஞ்சிரும்மா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு நாலு நாள் நிம்மதி கொடுப்பது சின்ன விஷயமில்லை.

இன்றைக்கு வியாழன். கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. செந்துறை தந்தி ஆபீஸ் நடந்தால் அரைமணி. தந்தி கொடுத்தால் அவன் வருவான், நான் போக வேண்டும். எனக்கும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். ஒருவன் போய் இன்னொருவன் வந்தால் யாருக்கு என்ன லாபம்? அவன் குடும்பத்தை என் குடும்பம் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன். அவன் என் குடும்பத்தைப் பார்ப்பான் என்று என்ன நிச்சயம்?

நாளைக் காலை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறாள் கொளஞ்சி. பச்சரிசியும் வெல்லமும் என் வீட்டிலிருந்துதான். அவள் பானை ஓட்டை என்றாள். என் வெண்கலப் பானையை எடுத்துக் கொடுத்தேன். அவசரமில்லை, அவன் வந்த பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.