நூலளவு வாய்க்கால்

— கதிரை வேண்டாம் அம்மா, நிண்டே சொல்லுறன். ஐயாவுக்குக் கிட்னியில ஒண்டும் இல்லை. ஆஸ்பத்திரியில ரெண்டாந்தரம் ரத்தமும் சலமும் எடுத்துப் பாத்தும் அதைத்தான் சொல்லீனம். பிழை நான் செய்த கருவியிலதான்.

— உக்காருங்க யதுர்ஷிகா புள்ள. ரெண்டு மாசமா அவரு வயலுக்குப் போகல. “சுப்பம்மா, எனக்கப்புறம் நீ என்ன பண்ணுவ”ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. இப்ப வந்து ஒண்ணுமில்லங்கிறீங்க.

— ஓம். அதாலதான் போனில சொல்லாம கிளிநொச்சியில இருந்து நேர வந்தனான்.

— அந்தக் கண்ணாடித் துண்டு பொய் சொல்லுமா?

— அது பிளாஸ்ரிக் அம்மா. உள்ளுக்கு நூலளவில ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறன். ஒரு துளி சலத்தை விட்டால், பம்ப் இல்லாம தானா ஊர்ந்து போகும். கிட்னி பழுதெண்டால் முடிவில இருக்கிற மருந்து நீலமா மாறும்.

— மூத்திரம் பட்டு நீலமாத்தானே மாறிச்சு. நானும் பாத்தேனே.

— அதுதான். யூனிவர்சிற்றி கம்பஸில ஏசி அறைக்குள்ள வைச்சு அளவு போட்டனான். இந்தத் தர்மபுரத்து வெயிலை யோசிக்கேல்லை. துளி போற வழியிலயே காய்ஞ்சு தடிச்சிருக்கும். தடிச்சால் நல்ல சலமும் பழுது மாதிரித்தான் காட்டும்.

— வெயிலு எல்லாருக்கும் ஒண்ணுதானே. மத்த வீடுகள்ல?

— வீட்டுக்கு ஒராளெண்டு நாப்பது பேர். முப்பத்தொன்பது பேருக்கும் ஆஸ்பத்திரி சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. இங்க மட்டும்தான் பிழை விட்டது. வாய்க்காலை அகட்டினன், சுருக்கினன், வளைவை எடுத்துப் பாத்தன். காரணம் பிடிபடேல்லை. நல்லா இருந்த மனிசனைப் படுக்கையில போட்ட சாமான். திங்கக்கிழமை இதை விடுறனெண்டு எழுதிக் குடுக்கப்போறன்.

— அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?

— வாசல் படலையில கண்டு சொன்னனான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். அப்பிடியே வயலைப் பாக்கவெண்டு போயிட்டார்.

— போகட்டும். அவரு போகட்டும்.

— என்னில கோவமெண்டால் ஏசுங்கோ அம்மா.

— கோவம் இல்ல புள்ள. அந்தக் கருவிய விட்டுடாதீங்க. நீங்க போத்தலோட வந்த அன்னிக்கு அவரு யானை ஒடச்ச வேலியக் கட்டப் போயிருந்தாரு. நீங்க வாசல்ல காத்துக்கிட்டு நின்னீங்க. ஒரே கெணத்துத் தண்ணிதானே குடிக்கிறோம், யாரோடதா இருந்தா என்னன்னு நெனச்சுட்டேன். போத்தல்ல குடுத்தது என்னோடது.